பட்டாளத்தான் வீட்டு பென்ஷன் காகிதத்தைத் தேடுறது எப்படி? செட்டிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வழி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பல ஊர்ல பட்டாளத்தான் வீடுன்னு ஒண்ணு இருக்கும், இல்லாட்டி சுபேதார் வகையறா, ஜமேதார் தோட்டம்னு பேராவது மிஞ்சி நிக்கும். அங்க போய் கேட்டா "எங்க பாட்டனுக்குப் பாட்டன் கும்பினிப் பட்டாளத்துல இருந்தாரு, ரங்கூனுக்குப் போனவரு திரும்பல, அந்தக் கிழவிக்கு சாகுற வரைக்கும் உபகாரச் சம்பளம் வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. கும்பினின்னா கிழக்கிந்திய கம்பெனி, உபகாரச் சம்பளம்னா பென்ஷன். எந்தப் பட்டாளம், எந்த வருஷம், கிழவி பேரு என்ன, எதுவும் தெரியாது. இவ்வளவுதான் தெரியும்னாலும் பரவாயில்ல, தேட ஆரம்பிக்கலாம். எப்படின்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒண்ணு, பேரை வச்சு தேடாதீங்க. எல்லாரும் பண்றது அதுதான், கூகுள்ல பாட்டன் பேரைப் போட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் வரலைன்னு விட்டுடுறது. வெள்ளைக்கார ஆபீசருக்கெல்லாம் பேர்வாரியா ரெக்கார்டு இருக்கு, லண்டன்ல அடுக்கி வச்சிருக்காங்க. நம்ம சிப்பாய்க்கு அப்படி கிடையாது, ரெஜிமெண்ட் ரோல்ல ஒரு வரி, அந்த ரோலும் தப்பிப் பிழைச்சிருந்தா உண்டு. ஆனா அவர் செத்த பிறகு சம்சாரம் மனு போட்டிருந்தா நிலைமை வேற, மனுவுல புருஷன் பேரு, ரெஜிமெண்ட் நம்பர், எங்க எப்படி செத்தாரு, ஊரு, தாலுகா, எத்தனை புள்ளைங்க, மாமியார் உயிரோட இருக்காங்களா, எல்லாம் வந்து விழுந்திடும். அதனால நீங்க தேட வேண்டியது அந்தம்மாவை, அவங்க வழியாத்தான் அவர் கிடைப்பாரு. அதுக்கு மூணு விஷயம் கைல இருக்கணும், எந்தச் சண்டை, எந்த ரெஜிமெண்ட், எந்த கலெக்டர் ஆபீஸ்.

சண்டையை எப்படிப் பிடிக்கிறது? உங்க வீட்டுக் கதையிலயே பாதி துப்பு இருக்கு. அந்தக் காலத்து பென்ஷன் ரெண்டு வகை. ஒண்ணு சிப்பாய்க்கே வர்றது, நிறைய வருஷம் வேலை பார்த்து உடம்பு முடியாம போனா, இல்ல காயம்பட்டு இனிமே லாயக்கில்லைன்னு டாக்டர் கமிட்டி எழுதிட்டா குடுக்குறது. இன்னொண்ணு குடும்ப பென்ஷன், அது பொதுவா சண்டைல செத்தாலோ, சண்டைக் காயத்துல செத்தாலோ, கடல் தாண்டி வேலைக்குப் போன இடத்துல செத்தாலோதான் வாரிசுக்கு. கன்டோன்மெண்ட்ல, அதாவது பட்டாளம் தங்குற இடத்துல, காலரா வந்து செத்தவரோட சம்சாரத்துக்கு அந்த பென்ஷன் வழக்கமா கிடைக்காது. கொடுமைதான், ஏன்னா சண்டைல செத்ததை விட காலராலயும் காய்ச்சல்லயும் செத்தவங்கதான் ஜாஸ்தி. ஆக "கிழவிக்கு மாசாமாசம் வந்துச்சு"ன்னு வீட்டுல உறுதியா சொன்னாங்கன்னா, அவர் பெரும்பாலும் சண்டைலயோ அக்கரைலயோ போனவரு. அங்கிருந்து பிடிங்க.

மெட்ராஸ் ஆர்மி, அதாவது நம்ம பக்கத்து ஆளுங்க சேர்ந்த தென்னிந்தியப் பட்டாளம், அக்கரைக்குப் போன பெரிய சண்டைங்கள எண்ணிடலாம். 1811 ஜாவா, 1824ல இருந்து 26 வரைக்கும் முதல் பர்மா சண்டை, 1840-42 சீனா, அதாவது அபினி சண்டை, 1852-53 ரெண்டாவது பர்மா, 1885ல ஆரம்பிச்ச மூணாவது பர்மா. சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது ரோடு பாலம் போடுற இன்ஜினியர் படை ஆளுன்னா 1867-68 அபிசீனியாவும் 1882 எகிப்தும் சேர்த்துக்கோங்க. வங்காளத்துப் பட்டாளத்துல கடல் தாண்டினா சாதி போயிடும்னு பெரிய தகராறே இருந்துச்சு, 1824ல பாரக்பூர்ல பர்மாவுக்குப் போகச் சொன்னப்ப கலகமே நடந்துச்சு. மெட்ராஸ் சிப்பாய்ங்க கப்பல் ஏறிடுவாங்க, அதனால பர்மான்னாலே இவங்க தலையிலதான் விழுந்துச்சு. அந்த ரூட்லயேதான் பின்னாடி நம்ம ஊரு வட்டிக்கடைகளும் மோல்மீன், ரங்கூன்னு போச்சு, அது தனிக் கதை.

இப்ப ஒரு பெரிய குழி இருக்கு, பார்த்து நடங்க. வீட்டுல ஓலையோ, பழைய கணக்கு நோட்டோ, கல்லறைக் கல்லோ இருந்து அதுல "பார்த்திப வருஷம் கார்த்திகை மாசம் பர்மாவுல இறந்துபோனார்"னு இருக்குதுன்னு வைங்க. தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். பார்த்திபன்னா 1885-86, சரி, மூணாவது பர்மா சண்டை, 1885 நவம்பர்லதான் மாண்டலே விழுந்து பர்மா ராஜா தீபா பிடிபட்டாரு, கார்த்திகையோட கச்சிதமா பொருந்துதுன்னு தோணும். ஆனா 1825-26ம் பார்த்திபதான், அப்ப முதல் பர்மா சண்டை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அதுவும் போதாதுன்னா 1945-46ம் பார்த்திப, அந்த வருஷ ஆரம்பத்துலயும் பர்மாவுல சண்டை! மூணு தடவையும் அதே வருஷப் பேரு அதே நாடு. அதனால வருஷப் பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, தலைமுறையை எண்ணுங்க, ஒரு தலைமுறைக்கு 25ல இருந்து 30 வருஷம்னு தோராயமா பின்னாடி போங்க. "கும்பினி"ங்கிற வார்த்தை மட்டும் போதாது, 1858ல கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த பிறகும் கிராமத்துல கும்பினின்னு சொல்ற பழக்கம் சட்டுனு போயிருக்காது. பணம் எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க, அது நல்ல துப்பு. வராகன், பணம், காசுன்னு இருந்தா பெரும்பாலும் 1818க்கு முந்தின கணக்கு, அந்த வருஷம்தான் மெட்ராஸ்ல ரூபாயை ஸ்டாண்டர்டு ஆக்கி 100 வராகனுக்கு 350 ரூபாய்னு ரேட் போட்டாங்க. சிப்பாய் சம்பளம் மாசம் 7 ரூபாய், வராகன்ல கணக்கு போட்டா சரியா 2. அந்த 7 ரூபாயை ஏத்தி 9 ஆக்கினது 1895லதான், ஒரு நூற்றாண்டு அரிசி விலை ஏறுச்சு, சம்பளம் ஏறல.

அடுத்தது ரெஜிமெண்ட். வீட்டுல மெடல் இருக்கான்னு கேளுங்க. இருந்தா முன்னாடி இருக்கிற ராணி மூஞ்சியப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க, விளிம்பைப் பாருங்க. ரூபாய் நாணயம் கனத்துக்கு இருக்கிற அந்த ஓரத்துலதான் நம்பர், பேரு, ரெஜிமெண்ட் எல்லாம் பொடி எழுத்துல இருக்கும், அநேகமா பாதி தேஞ்சிருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீங்க, பீதாம்பரி கிட்டயே கொண்டு போகாதீங்க, விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்ச்சா மிச்சம் இருக்கிற எழுத்தும் போயிடும். மெத்துனு ஒரு காஞ்ச பிரஷ்ல தூசியைத் தட்டிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, மெடலைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கிட்டே போன்ல க்ளோசப் வீடியோ எடுங்க. வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்தா கண்ணுக்குத் தெரியாத எழுத்து கூட வீடியோவுல எந்திரிச்சு வரும். ரிப்பன் மேல ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி பட்டை இருந்தா அதுலதான் சண்டை பேரு. பெகுன்னு இருந்தா ரெண்டாவது பர்மா, பர்மா 1885-7ன்னு இருந்தா மூணாவது, ஆவான்னு இருந்தா முதலாவது. இந்த ஆவா பட்டை போட்ட மெடலை 1851லதான் குடுத்தாங்க, சண்டை முடிஞ்சு கால் நூற்றாண்டு கழிச்சு, அதுவும் அப்ப உயிரோட இருந்து கேட்டவங்களுக்கு மட்டும். அதனால அந்தச் சண்டைலயே செத்தவர் வீட்டுல ஆவா மெடல் இருக்காது, இருந்தா அது வேற ஆளோடது.

மெடல் வீட்டுல இல்லையா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்கே, அங்கயும் போய்ப் பாருங்க. தூணு கதவோட சேர்ந்து சின்னச் சாமானும் அங்க வந்து சேரும். உங்க பாட்டனோடதே கிடைக்கும்னு சொல்லல, ஆனா நம்ம பக்கத்து ஆளுங்க எந்த ரெஜிமெண்ட்ல எல்லாம் இருந்தாங்கன்னு ஒரு ஐடியா கிடைக்கும், விளிம்பைப் படிச்சுட்டு நோட்ல குறிச்சுக்கிட்டு வாங்க, கடைக்காரர் கேட்டா உண்மையைச் சொல்லுங்க.

இன்னொரு இடம் யாரும் யோசிக்காதது, கடன் குடுத்த வீட்டுப் பெட்டகம். 1871ல பென்ஷன் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அதுல 11வது செக்ஷன்படி அரசாங்கம் குடுக்கிற பென்ஷனைக் கடனுக்காக ஜப்தி பண்ண முடியாது, 12வது செக்ஷன்படி இனிமே வரப்போற பென்ஷனை முன்கூட்டியே யாருக்கும் எழுதிக்குடுத்தாலும் செல்லாது. இப்படி ஒரு சட்டம் போட்டாங்கன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கைநாட்டு வச்ச ஒரு விதவை அவசரத்துக்குக் கடன் கேட்டா, அடமானம் வைக்க அவங்ககிட்ட என்ன இருக்கும், அந்தத் தாள்தான் இருக்கும். அதனால உங்க ஊர் பெரிய வீட்டு ஆச்சிங்க யாராவது தெரிஞ்சவங்களா இருந்தா, வளவுக்குள்ள இருக்கிற பெட்டகத்துல சம்பந்தமில்லாத பேர்ல பழைய இங்கிலீஷ் தாள் ஏதும் கிடக்குதான்னு பக்குவமா கேளுங்க. "உங்க வீட்டுல அடமானம் வச்சாங்களா"ன்னு கேக்காதீங்க, கதவு சாத்திடும். "பழைய பட்டாளத்துக் காகிதம் எதும் பார்த்திருக்கீங்களா ஆச்சி"ன்னு கேட்டாலே போதும், பலகாரமும் கிடைக்கும் கதையும் கிடைக்கும்.

ரெஜிமெண்ட் நம்பர் கிடைச்சா ஒரு எச்சரிக்கை. நம்பர் மாறிக்கிட்டே இருக்கும். 1860கள்லயும் 1882லயும் பல மெட்ராஸ் ரெஜிமெண்டைக் கலைச்சுட்டாங்க. 1903ல தலைமைத் தளபதி கிச்சனர் காலத்துல மிச்சம் இருந்த மெட்ராஸ் காலாட்படைல பெரும்பாலானதுக்குப் பழைய நம்பரோட 60 கூட்டிட்டாங்க, 13வது மெட்ராஸ் 73வது கர்நாடிக் ஆச்சு, 1வது பயனியர் 61வது ஆச்சு. பழைய 10வது நம்பர் பர்மா ரெஜிமெண்டா மாறி கடைசில 10வது கூர்க்கா ரைபிள்ஸ்ல போய் நிக்குது, அதனால உங்க பாட்டன் நம்பரைத் தேடுறப்ப நேபாளத்துக்காரங்க போட்டோவா வந்தா மிரளாதீங்க. ரெஜிமெண்ட் எந்த வருஷம் எங்க இருந்துச்சுன்னு பார்க்க வில்சன்னு ஒரு வெள்ளைக்கார ஆபீசர் 1880கள்ல எழுதின மெட்ராஸ் ஆர்மி வரலாறு அஞ்சு வால்யூம் இருக்கு, இண்டர்நெட் ஆர்கைவ்ல ஃப்ரீயா கிடைக்கும். படிக்க போர், ஆனா எந்த ரெஜிமெண்ட் எந்தக் கப்பல்ல போச்சுங்கிற அளவுக்கு விவரம் இருக்கும்.

இப்ப கலெக்டர் ஆபீஸ், இங்கதான் நிறைய பேரு வழி தவறிப் போறது. சிவகங்கை மாவட்டம்னு தேடினீங்கன்னா 19ம் நூற்றாண்டுல ஒண்ணுமே கிடைக்காது, ஏன்னா அப்ப அப்படி ஒரு மாவட்டமே இல்ல. ராமநாதபுரம் மாவட்டமே 1910லதான் வந்துச்சு, சிவகங்கை தனியா பிரிஞ்சது 1985ல. அதுக்கு முன்னாடி நம்ம பக்கம் எல்லாம் மதுரை ஜில்லா, சிவகங்கை ஜமீன். அதனால "மதுரா டிஸ்ட்ரிக்ட்"னு தேடுங்க. ஜமீனுங்கிறதால வேற ஒரு கஷ்டமும் இருக்கு, அரசாங்கமே நேரா விவசாயிகிட்ட வரி வாங்கின ரயத்துவாரி ஊர்ல இருக்கிற மாதிரி பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்ல பட்டாதாரர் பேரைப் பார்த்து குடும்பத்தைப் பிடிக்கிறது இங்க நடக்காது.

பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் பக்கத்து செட்டிநாட்டு ஊருன்னா அது புதுக்கோட்டை சமஸ்தானம், தொண்டைமான் ராஜ்யம், 1948 வரைக்கும் பிரிட்டிஷ் ஜில்லாவே கிடையாது. அங்கத்து ஆளு கும்பினிப் பட்டாளத்துல இருந்திருந்தா கடிதமெல்லாம் பொலிட்டிகல் ஏஜெண்ட், அதாவது சமஸ்தானத்துக்கான பிரிட்டிஷ் பிரதிநிதி, வழியா போயிருக்கும், 19ம் நூற்றாண்டு கடைசில திருச்சி கலெக்டர்தான் அந்த வேலையைப் பார்த்தாரு. அந்த ஊர்க்காரங்க மதுரை ஃபைலைப் புரட்டிக்கிட்டு இருக்காதீங்க.

அப்புறம் திருப்பத்தூர். ரெண்டு இருக்கு, தெரியும்ல? நம்ம திருப்பத்தூர், மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24ல தூக்குல போட்ட ஊரு. இன்னொண்ணு வடக்க, ஜோலார்பேட்டை பக்கம், அது அந்தக் காலத்துல சேலம் ஜில்லா, பெங்களூர் கன்டோன்மெண்டுக்குப் போற வழி. கேட்டலாக்ல வெறும் திருப்பத்தூர்னு பார்த்து சந்தோஷப்பட்டுடாதீங்க, பக்கத்துல ஜில்லா பேரு என்னன்னு பாருங்க. நம்ம திருப்பத்தூர்ல இருந்து அந்தத் தலைமுறைல எத்தனை பேரு கும்பினிக்கு சேர்ந்திருப்பாங்கன்னே எனக்கு ஒரு யோசனை உண்டு, மருது பக்கம் நின்னவங்கள்ல எழுபத்துச் சொச்சம் பேரை 1802ல கப்பல் ஏத்தி பினாங்குக்கு அனுப்பின ஊரு சீமை இது, அவங்க சம்சாரங்களுக்கு எந்த கலெக்டர்கிட்ட மனு போட முடியும்? அந்த வீட்டுக்காரங்களுக்கு இந்தக் குறிப்பு உதவாது, வருத்தமா இருக்கு.

எழுத்துக்கூட்டல் பத்தி ஒரு வார்த்தை. குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினாரு. முத்துசாமின்னா எம் போட்டு ரெண்டு ஓ, அப்புறம் டி, மறுபடியும் ரெண்டு ஓ, சாமிக்கு நடுவுல டபிள்யூ. பெருமாள் பெர்மால் ஆயிடுவாரு, சிவகங்கை ஷெவகங்கா ஆயிடும். உ, ஊ சத்தம் வர்ற இடத்துல எல்லாம் ரெண்டு ஓ போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க. இனிஷியலை நம்பாதீங்க, சிப்பாய்க்கு ஒரே பேருதான், ஒரே ரெஜிமெண்ட்ல பல ராமசாமி இருப்பாங்க, அப்பா பேரும் ஊரும் சேர்ந்து ஒத்துப்போனாத்தான் உங்க ஆளு.

சரி, அந்தம்மா மனு எந்த வழியா போச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடுறதுன்னு தெரியும். தேவகோட்டை பக்கத்து ஒரு சிப்பாய் சம்சாரம்னு வச்சுக்குவோம், புருஷன் பர்மாவுல போயிட்டாரு. ரெஜிமெண்ட் கப்பல் ஏறும்போது சிப்பாய்ங்க சம்பளத்துல ஒரு பங்கைக் குடும்பத்துக்குன்னு ஒதுக்கிட்டுப் போவாங்க, செத்த சேதி வந்ததும் அது நின்னு போயிடும், பல பேருக்குப் பணம் நின்னதுதான் முதல் சேதியே. அப்புறம் ரெஜிமெண்ட்ல இருந்து செத்தவர் லிஸ்ட் வரும். சேரும்போதே எழுதி வச்ச அங்க அடையாள ரோல் ஒண்ணு உண்டு, பேரு, அப்பா பேரு, ஊரு, தாலுகா, சாதி, உயரம், வயசு, எங்க மச்சம் எங்க தழும்புன்னு எல்லாம், வாரிசு யாருன்னும் பதிஞ்சிருப்பாங்க. அதோட இவங்க சொல்றது ஒத்துப்போகணும். அதுக்காக ஊர்ல விசாரிக்கச் சொல்லி கலெக்டருக்கு வரும், அவர் தாசில்தாருக்கு அனுப்புவாரு, தாசில்தார் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தையும் ஊர்ப் பெரியவங்களையும் கேட்டு "இவள்தான் இன்னாருடைய மனைவி, உயிரோடு இருக்கிறாள்"னு எழுதி வாங்கி மேல அனுப்புவாரு. மெட்ராஸ்ல சாங்ஷன் ஆகி, கலெக்டர் டிரஷரில பணம். அப்பவும் நேர்ல வந்து முகத்தைக் காட்டணும். காரைக்குடி பக்கம் அந்த நூற்றாண்டுல ரயிலே கிடையாது, மதுரை வரைக்கும் போகணும்னா வண்டி கட்டணும் இல்ல நடக்கணும், போற செலவுக்கே அந்த பென்ஷன்ல எவ்வளவு போயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஆள் மாறாட்டம் அப்ப பெரிய தலைவலி, செத்தவங்க பேர்ல அடுத்தவங்க வந்து வாங்கிட்டுப் போறது. வங்காளத்துல ஹூக்ளி ஜில்லாவுல ஹெர்ஷல்னு ஒரு அதிகாரி 1877ல பென்ஷன்காரங்ககிட்ட விரல் ரேகை வாங்க ஆரம்பிச்சதே இதுக்காகத்தான். போலீஸ் கைரேகையெல்லாம் பின்னாடி வந்தது, முதல்ல பிடிச்சது கிழவன் கிழவிங்க விரலைத்தான்.

இந்த வழியில நாலு இடத்துல காகிதம் நின்னிருக்கும், ரெஜிமெண்ட், தாசில்தார், கலெக்டர், மெட்ராஸ் மிலிட்டரி டிபார்ட்மெண்ட். முதல் ரெண்டும் அநேகமா போச்சு. மூணாவதும் நாலாவதும் இன்னைக்கு இருக்கிற இடம் எழும்பூர், காந்தி இர்வின் ரோட்டுல தமிழ்நாடு ஆவணக் காப்பகம். காலையில காரைக்குடில பல்லவன் ரயில் ஏறினா எழும்பூர்லயே இறங்கிடலாம், பக்கம்தான். அனுமதி வாங்குற ரூல், காப்பி எடுக்கிற ரூல் எல்லாம் அப்பப்ப மாறும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு ஐடி, கடிதம் எது வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க. அங்க போய் "எங்க தாத்தா ஃபைல்"னு கேட்டா யாராலயும் உதவ முடியாது. கம்பெனி காலத்துன்னா "மிலிட்டரி கன்சல்டேஷன்ஸ்"னு ராணுவ நடவடிக்கைப் பதிவு வால்யூம்கள் இருக்கும், இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும் இண்டெக்ஸ் வேணும்னு கேளுங்க. இண்டெக்ஸ்ல பேரைத் தேடாம பென்ஷன், குடும்ப பென்ஷன், மனு, விதவை, இன்வேலிட் (உடம்பு முடியாம லாயக்கில்லைன்னு ஆனவங்க), அப்புறம் ரெஜிமெண்ட் நம்பர், இப்படித் தலைப்பைத் தேடுங்க. சண்டை வருஷத்தோட நிறுத்தாதீங்க, மனு சுத்தி வர நாளாகும், சண்டை முடிஞ்சு அஞ்சாறு வருஷம் வரைக்கும் பாருங்க. அங்க இல்லைன்னா மதுரை ஜில்லா ரெக்கார்டுல கலெக்டர் கடிதங்கள்.

மனு கைக்கு வந்தா முதல் பாராவையும் கடைசி பாராவையும் தாண்டிடுங்க. எழுதினது கச்சேரி வாசல்ல உக்காந்திருக்கிற மனு எழுதுறவரு, அவருக்கு எல்லாரும் ஒண்ணுதான், "தங்கள் பாதத்தில் விழுந்து"ன்னு ஆரம்பிச்சு "தங்கள் தீர்க்காயுசுக்காக என்றும் பிரார்த்திக்கும்"னு முடியும். அந்தம்மா வாயில இருந்து வந்தது நடுவுலதான் இருக்கும். அதை விட முக்கியம் ஓரத்துலயும் பின்பக்கமும் அதிகாரி கிறுக்கினது, யாருக்கு அனுப்பினாங்க, எந்தத் தேதி, தள்ளுபடியா சாங்ஷனா எல்லாம் அதுலதான், அதைப் போட்டோ எடுக்காம வந்துட்டீங்கன்னா திரும்ப ஒரு பல்லவன் டிக்கெட். தள்ளுபடி ஆன மனுன்னா வருத்தப்படாதீங்க, அதுலதான் விசாரணை நீளமா இருக்கும். உடனே சாங்ஷன் ஆனதுக்கு ரெண்டே வரிதான்.

மாமியாரும் மருமகளும் எதிரெதிரா மனு போட்டது, ரெண்டு சம்சாரம் இருந்தது, இந்த மாதிரி சிக்கல் இருந்தா அதிர்ஷ்டம்தான், குடும்ப மரம் முழுசா எழுதிக் குடுத்திருப்பாங்க. ஆர்டர் ஆஃப் மெரிட்னு 1837ல ஆரம்பிச்ச வீர விருது வாங்கின சிப்பாய்க்கு சம்பளத்துக்கு மேல கூடுதல் படி உண்டு, அவர் செத்த பிறகு அது மூணு வருஷம் விதவைக்குப் போகும், ரெண்டு மூணு பேரு இருந்தா முதல்ல கட்டினவங்களுக்கு. ரெண்டாவது சம்சாரம் சும்மா இருந்திருப்பாங்களா? இந்தச் சண்டையெல்லாம் கோர்ட்டு ரெக்கார்டுல தேடாதீங்க. 1871 சட்டத்தோட 4வது செக்ஷன்படி பென்ஷன் வழக்கை சிவில் கோர்ட் எடுக்கவே முடியாது, கலெக்டர் சர்டிபிகேட் குடுத்தா மட்டும் உண்டு. அதனால அந்தக் குடும்பச் சண்டை கலெக்டர் ஃபைல்லதான் கிடக்கும்.

மனு மதுரை ஃபைல்ல இல்லவே இல்லைன்னா ஒண்ணு யோசிங்க, அந்தம்மா ஊர்லயே இல்லாம இருந்திருக்கலாம். மெட்ராஸ் ஆர்மில குடும்பமும் பட்டாளத்தோடயே லைன்ல, அதாவது சிப்பாய் குடியிருப்புல, குடியிருக்கும், ரெஜிமெண்ட் மாறினா சட்டி பானையோட இவங்களும் மாறுவாங்க. திருச்சி, வேலூர், பாளையங்கோட்டை, பெங்களூர்னு எங்க கடைசியா லைன் இருந்துச்சோ அங்கயே தங்கிட்டு அந்த டிரஷரிலயே பணம் வாங்கினவங்க உண்டு. புள்ளையை ரெஜிமெண்ட்லயே பாய் கணக்குல சேர்த்து சின்னதா ஒரு சம்பளம் குடுக்கிற வழக்கமும் இருந்துச்சு, அந்தப் பையன் வளர்ந்து அதே ரெஜிமெண்ட்ல சிப்பாய் ஆயிடுவான். அதனால ஒரே வீட்டுல மூணு தலைமுறை ஒரே ரெஜிமெண்ட்னு வந்தா சந்தேகப்படாதீங்க.

கிறிஸ்தவக் குடும்பம்னா வேலை சுலபம், சருகணி மாதிரி பழைய பங்குகள்ல ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடு இருக்கும், ஃபாதர்கிட்ட முறையா எழுதிக் கேளுங்க. முஸ்லிம் குடும்பம்னா ஜமாத் நிக்காஹ் பதிவேடு.

1895ல மெட்ராஸ் ஆர்மிங்கிற தனி ஆர்மியே போய் எல்லாம் ஒரே இந்தியன் ஆர்மி ஆயிடுச்சு, அதுக்கு அப்புறம் உள்ளதுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகம், அபிலேக் படல்னு அவங்க வெப்சைட்ல வீட்டுல உக்காந்தே கேட்டலாக் தேடலாம். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்டு இருக்கு, லண்டன் கியூல இருக்கிற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துல மெடல் ரோல் இருக்கு. அந்த பென்ஷன் ஃபண்டு லிஸ்டையெல்லாம் பார்த்து ஏமாறாதீங்க, கிளைவ் ஃபண்டு, மெட்ராஸ் மிலிட்டரி ஃபண்டு எல்லாம் வெள்ளைக்காரங்களுக்கும் அவங்க விதவைகளுக்கும். கிளைவ் ஃபண்டுக்கு முதல் போட்டது வங்காள நவாப் மீர் ஜாஃபர் விட்டுட்டுப் போன 5 லட்சம் ரூபாய், இந்த ஊர்ப் பணம்தான், ஆனா நம்ம சிப்பாய் சம்சாரத்துக்கு அதுல பங்கு கிடையாது.

கடைசியா எல்லாரும் கேக்குற கேள்வி, இப்ப ஏதாச்சும் பணம் வருமா? வராது. அந்த பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கிற வரைக்கும்தான், அவங்களோட முடிஞ்சுபோச்சு, கொள்ளுப்பேரனுக்கு அரியர்ஸ் கிடையாது. "கும்பினி பணம் லண்டன்ல கிடக்கு, வாரிசு சர்டிபிகேட் எடுத்துத் தர்றேன், முன்பணம் குடுங்க"ன்னு யாராச்சும் வந்தா ஒரு பைசா குடுக்காதீங்க, ஆதார் காப்பியும் குடுக்காதீங்க. நீங்க எடுத்த போட்டோ ஒவ்வொண்ணுக்கும் வால்யூம் நம்பர், தேதி, பக்கம் மூணையும் அங்கயே ஒரு துண்டுச்சீட்டுல எழுதிப் பக்கத்துல வச்சு சேர்த்து எடுத்துக்கோங்க, வீட்டுக்கு வந்து எது எதுன்னு தேடினா தெரியாது.